செத்தவர் கணக்கா, தப்பியவர் கணக்கா?

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் வாயில் முன்பு மூன்று வீடுகள் இருந்தன. ஒன்றின் மாமரம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். இப்போது அந்த நிலத்தில் மூன்று தொடர்மாடிகள். கொழும்பின் வெள்ளவத்தை முழுக்க இதே கதைதான்: ஒரு வீடு நின்ற இடத்தில் இருபது வீடு, ஒரு கார் நின்ற இடத்தில் இருபது கார். ஒழுங்கை மட்டும் அன்றிருந்த அதே அகலம். காலையில் பள்ளிக்கூட வான், ஆட்டோ, சாப்பாடு கொண்டுவரும் பைக் எல்லாம் அந்த ஒரு வாயால்தான் தலையை நீட்டும். அதற்குப் பத்தடி தள்ளி, வீதியைக் கடக்க ஒரு மஞ்சள் கடவை. அதன் மஞ்சள் கோடுகளை வெள்ளையாக மாற்றிக் கனகாலம் ஆகிறது. நாங்கள் இன்னும் மஞ்சள் கடவை என்றுதான் சொல்கிறோம்.

அந்தக் கடவையில் விபத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று பேச, எங்கள் கட்டடத்துக்காரர்கள் போன மாதம் மொட்டைமாடியில் கூடினோம். தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கணக்கோடு அதிகாரிகளிடம் போவது? "இங்கே ஆபத்து, ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதும் கடிதம் கோப்புக்குள் போய்த் தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எண் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எந்த எண் என்பதில்தான் தேநீர் இரண்டு தடவை ஆறிப்போனது. நான் தொழிலால் கணக்காளன். ஓர் எண்ணைக் கண்டால், இதை யார், எதற்காக எழுதினார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அன்று பேசப்பட்ட தெரிவுகளையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன்.

பெரும்பாலானோர் கேட்டது பொலிஸ் பதிவுகளை. நியாயமான ஆசை. விபத்தொன்று பொலிசுக்குப் போனால் 297பி என்ற படிவம் நிரப்பப்படுகிறது. திகதி, நேரம், இடம், மோதிய வாகனங்கள், மோதிய விதம், வெளிச்சம், யாருக்கு என்ன காயம் என்று ஒரே படிவத்தில் நிறைய விஷயம் இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வீதிப் பாதுகாப்பை ஆராய்பவர்கள் நீண்டகாலமாக இதை வைத்து வேலை செய்து வருகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் வழி இருக்கிறது. 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்யவேண்டும். கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். "விபத்து விபரம் தரவும்" என்று பொதுப்படையாகக் கேட்டால் ஒற்றை வரியில் ஒரு மொத்தத் தொகை வந்து சேரலாம். பெயரும் வாகன இலக்கமும் வேண்டாம், ஐந்து ஆண்டுக்கு, விபத்துக்கு ஒரு வரி, இன்ன இன்ன நிரல் என்று கட்டம் போட்டே கேட்கவேண்டும்.

சரி, வந்துவிட்டது என்று வைப்போம். அதில் எவ்வளவு இருக்கும்?

உலக வங்கி 2020 இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 38,000 விபத்துகள், அவற்றில் ஏறத்தாழ 3,000 மரணங்கள், 8,000 படுகாயங்கள் என்று சொல்கிறது. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மரணத்துக்கு மூன்று படுகாயம்கூட இல்லை. பிரிட்டனின் பதிவுகளில் ஒரு மரணத்துக்குப் பதினைந்து படுகாயம் அளவில் வருகிறது. வரைவிலக்கணம் நாட்டுக்கு நாடு வேறுபடும், உண்மைதான். ஆனாலும் இந்த நாட்டில் அடிபட்டவர்கள் எல்லாம் நேரே செத்துப்போகிறார்கள், கை கால் முறிபவர்கள் குறைவு என்று யாராவது நம்புவார்களா? பிணத்தை மறைக்க முடியாது, முறிந்த கையை மறைக்கலாம். அவ்வளவுதான் அந்த எண்களின் அர்த்தம்.

எங்கள் கட்டடத்திலேயே சாட்சி இருக்கிறது. மூன்றாம் மாடி அன்ரியை அந்தக் கடவையில்தான் ஒரு பைக் தட்டியது. விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு முறிந்தால் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது கடுங்காயம். பொலிஸ் படிவத்தில் ஏறவேண்டிய விபத்து. ஆனால் பைக்காரப் பையன் அழுதுகொண்டே அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், எக்ஸ்ரே காசையும் கொடுத்தான். "பொலிசுக்குப் போயிருக்கலாமே அன்ரி" என்று கேட்டேன். "அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பா தானே, தம்பி. அங்க போய் எந்தப் பாஷையில நான் கதைக்கிறது?" என்றார். இரண்டு காரணமும் நியாயம். ஆக, அரசாங்கத்தின் ஏட்டில் அந்த மணிக்கட்டு இன்னும் முறியவில்லை.

பதிவாகாமல் போவது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, பதிவானதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊர் ஊராக எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது.

வழமையான முறை என்ன? விபத்து எண்ணிக்கையை வரைபடத்தில் புள்ளி வைப்பது, புள்ளி குவிந்த இடத்தைக் கறுப்புப் புள்ளி என்று அழைப்பது, அங்கே வேகத்தடையோ சமிக்ஞை விளக்கோ போடுவது. பெரிய நெடுஞ்சாலையில், பல ஆண்டுக் கணக்கை வைத்துச் செய்தால் இது வேலை செய்யும். எங்கள் அளவுக்கு இறக்கினால் என்ன நடக்கும்? ஒரே மாதிரியான நூறு ஒழுங்கை வாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஆபத்து சமம். சராசரியாக ஆண்டுக்கு இரண்டு விபத்து. ஓர் ஆண்டில் எல்லா இடத்திலும் இரண்டு இரண்டாகவா நடக்கும்? இல்லை. தற்செயல் மட்டுமே விளையாடினாலும் 13, 14 இடங்களில் ஒன்றுமே நடக்காது. இன்னொரு 14 இடங்களில் நான்கோ அதற்கு மேலோ நடக்கும். இந்த 14 ஐயும் நாங்கள் "மரண வாய்" என்று பெயரிட்டு, பத்திரிகையில் படம் போட்டு, வேகத்தடை கட்டுவோம். அடுத்த ஆண்டு அவை தாமாகவே இரண்டுக்கு இறங்கும். வேகத்தடையால் விபத்து பாதிக்கு மேல் குறைந்தது என்று திறந்துவைத்தவர் மேடையில் சொல்வார். கட்டாமல் ஒரு தேங்காயை உடைத்திருந்தாலும் அதே அளவு குறைந்திருக்கும்.

புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். பிரிட்டனில் வேகக் கமராக்களை 2005 இல் மதிப்பிட்டபோதும், குறைந்துபோன விபத்துகளில் கணிசமான பங்கு கமராவின் வேலை அல்ல, இந்தத் தற்செயலின் வேலை என்று பிரித்துக் காட்டவேண்டி வந்தது. கமராவுக்கும் உண்மையான பலன் இருந்தது. ஆனால் முதலில் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை.

இன்னொன்று. மரைன் டிரைவ் பக்கம் கடற்கரைக்குக் கடக்க முதியவர்கள் தயங்கும் இடங்கள் உண்டு. யாரும் கடக்காவிட்டால் யாரும் அடிபட மாட்டார்கள். ஏட்டில் அந்த இடம் சுத்தமாக இருக்கும். விபத்து இல்லாத இடம் என்று நாம் சொல்லும் சில இடங்கள், மனிதர்கள் பயந்து கைவிட்ட இடங்கள்.

அப்படியானால் பொலிஸ் பதிவு வேண்டாமா? வேண்டும். எங்கே என்று கேட்டால் தடுமாறும் ஏடு, எப்படி என்று கேட்டால் நன்றாகப் பதில் சொல்லும். ஒரு கடவைக்கு ஐந்து ஆண்டில் ஐந்து வரி இருந்தால் அதிகம். ஆனால் பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரைக்கும் எடுத்தால் வரிகள் போதிய அளவு சேரும். அடிபட்டவர் நடந்தவரா, பைக்கில் போனவரா? பகலா, இரவா? நேரே போன வாகனமா, திரும்பிய வாகனமா? இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். ஆகவே பைக் அதிகம் தெரியும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எங்கள் வீதித் துண்டில் அது எந்த நேரத்தில், யாரோடு மோதுகிறது என்பதை அந்த ஏடு மட்டும்தான் சொல்லும்.

ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்ப்போம் என்றார் ஒருவர். களுபோவிலை ஆஸ்பத்திரியும் கொழும்புப் பெரியாஸ்பத்திரியும் பக்கத்தில்தான். அன்ரியின் மணிக்கட்டு மாதிரி ஒரு முறிவு அங்கே போனால் நிச்சயம் பதிவாகும். காயத்தின் கடுமையை டொக்டரைவிட யார் சரியாக எழுதுவார்? ஆனால் அங்கே கேட்டு எழுதுவது நோயாளியின் வீட்டு முகவரி. விழுந்த இடம் எது என்பது அவர்களுக்கு முக்கியமில்லை; முக்கியமாக இருக்கவும் தேவையில்லை. நாடு தழுவிய திட்டத்துக்கு இது அருமையான மூலம். ஒரு கடவைக்கு உதவாது.

இடம் வேண்டுமென்றால், 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது. 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இது. அவர்கள் இடத்துக்குத்தான் வந்தாகவேண்டும். ஆகவே இடத்தைக் குறித்துத்தான் ஆகவேண்டும். எனக்குப் பிடித்த மூலம் இது, ஒரு குறையோடு: காலி வீதியில் அடிபட்டவரை முதலில் வரும் ஆட்டோவில் ஏற்றுவதுதான் எங்கள் பழக்கம். தகவல் உரிமை விண்ணப்பத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம், செலவில்லை.

காப்புறுதிக் கம்பனிகளிடம் நிறைய இருக்கும் என்பதும் உண்மை. முட்டினால் அந்த இடத்துக்கே ஆள் வந்து படம் எடுத்து, காசைத் தீர்த்துவிட்டுப் போகிறார்கள். பொலிசுக்குப் போகும் தேவையே இல்லாமல் போகிறது. ஆனால் அது அவர்களுடைய வியாபார இரகசியம், தரமாட்டார்கள். தந்தாலும் அது பம்பர் கணக்கு. பம்பர் அதிகம் நசுங்கும் இடம் சுப்பர் மார்க்கெட் வாகனத் தரிப்பிடமாக இருக்கும். விடுங்கள்.

மிஞ்சியது, நாங்களே நின்று எண்ணுவது. இதைச் சொன்னவுடன் சிரித்தார்கள். "கணக்காளர் வீதியில நின்று கோடு போடப் போறார்" என்றார் கீழ்மாடி மாஸ்டர். ஆனால் இது விளையாட்டு முறை அல்ல. 1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் சந்திகளில் நின்று, மோதல் நடக்காமல் தப்பிய தருணங்களைக் குறிக்கத் தொடங்கினார்கள். பிறகு சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் அதை ஒழுங்கான முறையாக வளர்த்தார்கள். மோதாமல் தப்பிய இருவரும் விலகாமல் அப்படியே போயிருந்தால் எத்தனை வினாடியில் மோதியிருப்பார்கள் என்று மதிப்பிடுவது. ஒன்றரை வினாடிக்குள் என்றால் கடுமையானது என்று குறிப்பது. பயிற்சி இல்லாத எங்களுக்கு இன்னும் எளிய விதி ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டோம்: யாராவது சடாரென்று பிரேக் அடித்தால், வெட்டித் திருப்பினால், பாய்ந்தால் அல்லது பின்னால் எட்டி வைத்தால் ஒரு கோடு. ஹோன் மட்டும் அடித்தால் கோடு இல்லை. கொழும்பில் ஹோனுக்குக் கோடு போட்டால் கொப்பி காணாது.

காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தேன். அரை மணிக்குள் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பஸ் ஹோல்ட் கடவைக்கு முன்னால் இருக்கிறது. பஸ் நிற்கும், இறங்கியவர்கள் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் கடக்கத் தொடங்குவார்கள். சாரதி கையைக் காட்டி "போங்கோ" என்பார், நல்ல மனிதர். அவருடைய வலது பக்கத்தால் வரும் பைக்காரனுக்கு அந்தக் கையும் தெரியாது, கடக்கும் ஆளும் தெரியாது. பச்சை நிறப் பள்ளிப் பை போட்ட ஒரு சிறுமி பஸ்ஸின் விளிம்பில் நின்று, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். பைக் அவள் மூக்குக்கு முன்னால் போனது. அவள் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை, முகம் மாறவும் இல்லை. அடுத்த பைக்குக்காகக் கழுத்தை நீட்டினாள். அவளுக்கு இது ஒவ்வொரு நாளும் நடக்கும் காரியம். நான் ஒரு கோடு போட்டேன். அன்ரியைத் தட்டியதும் இதே மாதிரித்தான் என்று அப்போதுதான் விளங்கியது. எந்தப் படிவத்திலும் "பஸ்ஸின் மூக்கு" என்று ஒரு கட்டம் இல்லை.

வேகத்தையும் அளக்கலாம், கருவி தேவையில்லை. ஐம்பது மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கைத்தொலைபேசியில் நேரம் பிடியுங்கள். 3.6 வினாடியில் கடந்தால் மணிக்கு 50 கிலோமீற்றர். கட்டடப் பகுதிக்குள் கார், பைக்குகளின் எல்லை அதுதான். ஆட்டோவுக்கு 40, அதாவது 4.5 வினாடி. மூன்று வினாடியில் போனால் 60. இது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு வினாடியில் சுதாரித்து, காய்ந்த வீதியில் நல்ல பிரேக்கை அழுத்தினாலும் 50 இல் வரும் வாகனம் நிற்க 28 மீற்றர் அளவு வேண்டும். 30 இல் வந்தால் 13, 14 போதும். அந்தப் பதினான்கு மீற்றர் வித்தியாசத்துக்குள்தான் அந்தச் சிறுமி நிற்கிறாள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் மரண விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகம் என்பது இன்னும் நடக்காத விபத்தின் பதிவு.

குறை இல்லையா? இருக்கிறது. நாங்கள் எண்ணுவது காலை ஏழு மணி. குடித்துவிட்டு ஓட்டுபவன் இரவு பதினொரு மணிக்கு வருவான், மழையில் மின்விளக்கு அணைந்திருக்கும்போது வருவான். எண்ணுபவரின் கண்ணும் ஒரே அளவுகோல் அல்ல: நான் கோடு போட்ட ஒன்றை மாஸ்டர் "இதெல்லாம் ஒரு கதையா" என்று விட்டுவிட்டார். ஆகவே இருவர் பக்கத்தில் நின்று தனித்தனியே எண்ணி, ஒத்துப்பார்த்த பிறகுதான் அந்த எண்ணை நம்பலாம்.

இடத்தைத் தேடும் வேலையே வேண்டாம் என்று சொல்லும் ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஹொபோக்கன் என்றொரு சிறிய, நெருக்கமான நகரம். 2017 க்குப் பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே ஒரு வீதி மரணமும் இல்லை. அவர்கள் செய்தவற்றில் ஒன்று, சந்தி மூலைகளில் வாகனம் நிறுத்த இடமில்லாமல் செய்தது. நடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி மூலையைத் திறந்துவிட்டார்கள். ஒரு மூலையில் யாராவது சாகும்வரை காத்திருக்கவில்லை. காலி வீதியில் ஒழுங்கை வாய்களை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு வான், இரண்டு ஆட்டோ, ஒரு பழ வண்டி. எந்த வாயில் அடுத்தவர் அடிபடுவார் என்று ஆரூடம் பார்ப்பதைவிட எல்லா வாயையும் திறப்பது மலிவு. ஆட்டோக்காரர்களுக்கு வேறு தரிப்பிடம் காட்டாமல் அதைச் செய்யப் போனால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

என் தெரிவு இதுதான். பொலிஸ் பதிவை வீதித் துண்டு முழுவதற்கும் கேட்பது. அதிலிருந்து விபத்தின் வகையையும் நேரத்தையும் மட்டும் எடுப்பது. எந்தக் கடவை முதலில் என்பதற்குத் தப்பியவர் கணக்கையும் வேகத்தையும் நம்புவது. கேட்கும் பரிகாரம் ஒரு வேகத்தடை அல்ல: பஸ் ஹோல்ட்டைக் கடவை தாண்டி நகர்த்துவது, அப்போது இறங்குபவர்கள் பஸ்ஸின் பின்னால் கடப்பார்கள், கூடவே அந்தத் துண்டின் எல்லா ஒழுங்கை வாய்களையும் திறப்பது. பொலிஸ் ஏடு வந்து, இரவில்தான் அதிகம் என்று காட்டினால் என் முடிவை மாற்றுவேன். அப்போது மின்விளக்கு முதலில், ஹோல்ட் பிறகு.

மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, உங்கட கணக்கெல்லாம் சரி. ஆனா ஒரு சாவு எண்டு எழுதினாத்தான் அவங்கள் எழும்புவாங்கள்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அன்ரியின் எக்ஸ்ரேயைக் கடிதத்தோடு இணைக்க அவரிடமே அனுமதி கேட்டோம். சம்மதித்தார்.

ஒரு சங்கடம் மட்டும் பின்னால் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஒழுங்கை தள்ளியும் நின்று எண்ணினோம். அங்கே கோடுகள் எங்கள் கடவையைவிட இரு மடங்கு. அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை, கூட்டத்துக்கு வந்தவரும் இல்லை. அரை மணி நேரம் வாதாடி, கடிதத்தில் அந்தக் கடவையை முதலாவதாகவும் எங்களுடையதை இரண்டாவதாகவும் எழுதினோம். தகவல் உரிமை விண்ணப்பமும் போய்விட்டது. இரவு எண்ணிக்கை இன்னும் பாக்கி: வெள்ளிக்கிழமை பத்தில் இருந்து பன்னிரண்டு வரை. இரண்டாவது ஆளாக மாஸ்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டுவந்தால்.